சொறிக்கல்முனையில் ஒரு பெரிய வெள்ளி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாங்கள் மூன்று பேரும் இரண்டு கிழமையாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி சாய்ந்தமருது, ஒருத்தி கல்முனைக்குடி, ஒருத்தி மருதமுனை. மூன்று பேரும் முஸ்லிம் பிள்ளைகள், மூன்று பேரும் கலைப்பீடம். “சிலுவையப் பத்தி எழுத உங்களுக்கு என்ன இரிக்கி?” என்று உம்மா கேட்டா. நியாயமான கேள்விதான். ஈஸா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்றுதான் நாங்கள் சின்ன வயசில் ஓதிப் படித்தோம். இப்பவும் அதைத்தான் நம்புகிறோம்.

ஆனால் எங்களுக்கு ஒரு தோழி இருக்கிறாள். சொறிக்கல்முனைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. ஓ.எல். ரியூசனுக்குக் கல்முனைக்கு வருவாள். நாலு பேரும் ஒரே வாங்கில்தான் இருப்போம். அவளுக்கு நாங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதுதான் எழுதுகிறோம். அவள் இதை வாசிப்பாள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாங்கள் அப்போது 11ஆம் ஆண்டு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். பகல் சாப்பாட்டுக்கு முந்தி நாட்டின் முகமே மாறிப்போனது. செய்தவர்களின் பெயர்கள் வரத் தொடங்கியதும் எங்கள் வீடுகளில் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். எல்லாம் எங்களுடைய பெயர்கள் மாதிரிப் பெயர்கள்.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, அது எங்கள் ஊருக்கே வந்தது. சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சுற்றி வளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்க வைத்தார்கள். செத்தவர்களில் ஆறு பேர் சிறுபிள்ளைகள். அந்த வீட்டில் இருந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததும் எங்கள் ஊர் முஸ்லிம்கள்தான். அன்று இரவு எங்களில் ஒருத்தி கட்டிலுக்குக் கீழே தம்பியின் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். மற்ற இருவரும் தூரத்தில் இருந்து சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் முதல் சோதனை. அரபு எழுத்துள்ள கிதாபுகளை எங்கே வைப்பது என்று வீட்டுக்கு வீடு பதற்றம்.

அந்த நாட்களில் எங்கள் தோழிக்கு நாங்கள் ஒரு கோல் எடுக்கவில்லை.

பயம் என்று சொல்லலாம். ஊரடங்கு என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் போன் இருந்தது. ‘என்ன சொல்றது?’ என்ற ஒரு கேள்வியில் நாங்கள் மூன்று பேரும் நின்றுவிட்டோம். ரியூசன் மறுபடி தொடங்கியபோது அவள் வேறு வாங்கில் போய் இருந்தாள். நாங்களும் கூப்பிடவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. கொப்பி கேட்டால் தருவாள். அவ்வளவுதான்.

அவளுடைய கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை எப்போதும் இருக்கும். அதற்கு முந்தி அது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் முதலில் பட்டது.

எங்கள் ஊர்ப் பக்கம் சிலுவை புதுச் சாமான் இல்லை. கல்முனையில் மெதடிஸ்த திருச்சபையும் இருக்கிறது, கத்தோலிக்கக் கோயிலும் இருக்கிறது. கார்மேல் பற்றிமாக் கல்லூரி, உவெஸ்லி உயர்தரப் பாடசாலை என்று பெயரைச் சொன்னாலே போதும், ஓட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரே கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர்தான். ஒரு வித்தியாசத்தை மட்டும் நாங்கள் சின்னதிலேயே கவனித்திருந்தோம். மெதடிஸ்தக்காரரின் சிலுவையில் ஆள் இல்லை, வெறும் மரம். கத்தோலிக்கரின் சிலுவையில் ஆள் இருக்கிறார். ஏன் என்று யாரிடமும் கேட்டதில்லை.

இன்னொரு நினைவும் எங்கள் பக்கம் இருக்கிறது. அது அவ்வளவு இனிப்பானது இல்லை. போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். அதில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாற்றில் படிக்கிறோம். அந்த நாட்களில் மட்டக்களப்பு என்றால் இந்தக் கரை முழுவதும்தான். எங்கள் மூத்தவர்களில் ஒரு பகுதியினர் சிலுவைக் கொடி பிடித்தவர்களால் துரத்தப்பட்டு இங்கே வந்தவர்கள். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் சிலுவைப் போர் பாடமும் இருந்தது. ஆகவே சிலுவை என்றால் எங்கள் மனதில் ஒரு மூலையில் வாளும் கப்பலும்தான்.

இதை நாங்கள் தோழியிடம் ஒருநாள் சொன்னபோது அவள் சிரித்தாள். “அது சிலுவையத் தூக்கினவங்கட கதை. சிலுவையில தொங்கினவர்ர கதை வேற” என்றாள்.

ஆனால் அது பிறகு நடந்தது. இடையில் ஒரு விசயம் இருக்கிறது.

2020இல் கொரோனா வந்தது. கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலே சொன்னது. கேட்கவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். மையித்தைக் குளிப்பாட்டி, கபன் இட்டு, தொழுவித்து, மண்ணில் வைப்பது ஊருக்கே உள்ள கடமை. அதைச் செய்ய முடியாமல் போவது எங்களுக்கு எப்படியிருந்தது என்பதை இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் வீடுகளில் வயசானவர்கள் சாவுக்குப் பயப்படவில்லை, எரிக்கப்படுவதற்குப் பயந்தார்கள். காய்ச்சல் வந்தால் மருந்துக்குக்கூடப் போகாமல் ஒளித்தார்கள்.

அப்போது கொழும்பில் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கபன் துணியின் அடையாளம். முஸ்லிம்கள் மட்டும் இல்லை, கிறிஸ்தவ மதகுருமாரும் சிங்களவர்களும் தமிழர்களும் வந்து கட்டினார்கள். கட்டியதைக் கழற்றினார்கள். கழற்றக் கழற்ற நாட்டின் வேறு இடங்களிலும் கட்டினார்கள்.

ஒருநாள் பின்னேரம் எங்கள் மூன்று பேரின் வட்ஸ்அப்புக்கும் ஒரு படம் வந்தது. ஒரு வீட்டின் கம்பி வேலி. வேலியில் கட்டிய வெள்ளைத் துணி, ஒரு சாண் நீளம். பின்னால் வயல். கீழே ஒரு எழுத்தும் இல்லை. அனுப்பியது அவள்.

நாங்கள் மூன்று பேரும் அழுதோம். வெட்கத்திலும்தான். எங்களுக்கு வந்தபோது அவள் வந்தாள். அவளுக்கு வந்தபோது நாங்கள் போகவில்லை.

2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய விட்டார்கள். ஓட்டமாவடியில் ஒரே இடத்தில் அடக்கினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் சாம்பலாகியிருந்தார்கள்.

மறுகா நாங்கள் பழையபடி கதைக்கத் தொடங்கினோம். 2023இல் ஏ.எல். எழுதி முடித்து வீட்டில் சும்மா இருந்த காலம். “இந்த முறை பெரிய வெள்ளிக்கு எங்கட ஊருக்கு வாங்கடி. சும்மா வந்து பாருங்க, ஒண்டும் செய்ய வேணாம்” என்றாள். ஏப்ரல் 7. அது ரமழான் மாதம். நாங்கள் நோன்பு. “நாங்களும் அண்டைக்கு ஒருசந்திதான், வாங்க” என்றாள். ஒருசந்தி என்றால் அவர்களுடைய நோன்பு.

வாப்பாமாரிடம் அனுமதி எடுப்பது ஒரு தனிக் கதை. அதை விட்டுவிடுவோம். ஒரு மாமாவின் ஓட்டோவில் போனோம். கல்முனையில் இருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைத் தாண்ட வேண்டும். மாரி காலத்தில் வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயும், அந்தப் பக்கத்துச் சனம் இந்தப் பக்கம் வர ஏலாது. அன்று தண்ணீர் அடங்கிக் கிடந்தது. பெரும்போகம் வெட்டி முடிந்த வயல். தாம்போதி தாண்டினால் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். சொறிக்கல்முனைக் கோயிலின் பெயரே திருச்சிலுவைக் கோயில். அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கும் ஹோலி குறோஸ் என்றுதான் பெயர். ஒரு மரத்தின் பெயரில் ஒரு ஊர் கும்பிடுகிறது என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். ஓட்டோ மாமா திரும்பிப் பார்த்து, “அங்க போய் வாய வெச்சிக்கி இருங்க புள்ளைகள்” என்றார்.

அன்று கோயிலில் மணி அடிக்கவில்லை. பெரிய வெள்ளியில் மணி அடிக்கமாட்டார்களாம், மரத்தால் செய்த ஒன்றைத் தட்டித்தான் கூப்பிடுவார்களாம். பூசையும் இல்லை. வருசத்தில் பூசை இல்லாத நாள் அது என்று தோழி சொன்னாள். சிலுவைப் பாதைக்கு மரச் சிலுவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு சனம் நடந்தது. பதினாலு இடத்தில் நிற்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முழங்காலில் இருந்து செபிப்பார்கள். சுடுமணலில், வயசான அம்மாமார்கூட. நாங்கள் ஒரு மர நிழலில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றோம். தோழி வந்து பக்கத்தில் நின்று ஒவ்வொன்றும் என்ன என்று காதுக்குள் சொன்னாள்.

அதுவரைக்கும் சிலுவை எங்களுக்கு ஒரு அடையாளம், ஒரு சமயத்தின் முத்திரை. அன்றைக்குத்தான் அது ஒரு கொலைக் கருவி என்பது உறைத்தது. ரோம அரசு அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொன்ற முறை அது. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, கப்புவாவில் இருந்து ரோம் வரைக்கும் வீதி நெடுகிலும் சுமார் 6000 பேரைச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். சாவை விட அவமானம்தான் அதில் தண்டனை. அதனால்தான் ஆரம்பக் கிறிஸ்தவர்கள் மீனையும் நங்கூரத்தையும் ஆட்டிடையனையும்தான் அதிகம் வரைந்தார்கள். சிலுவை எல்லா இடத்திலும் தெரியத் தொடங்கியது 4ஆம் நூற்றாண்டில், கொன்ஸ்தன்தைன் பேரரசனுக்குப் பிறகு. நேற்று வரைக்கும் ஆளைத் தொங்கவிட்ட மரத்தை அரசன் கொடியில் வைத்தான். போர்த்துக்கேயரின் கப்பலில் வந்ததும் அந்தக் கொடியின் மிச்சம்தான். தோழி சொன்ன ‘தூக்கினவங்கட கதை’யும் ‘தொங்கினவர்ர கதை’யும் எங்கே பிரிகின்றன என்று எங்களுக்கு அப்போது கொஞ்சம் பிடிபட்டது.

நாங்கள் படித்தது வேறு. சூரா அந்நிஸாவின் 157, 158ஆம் வசனங்கள் ஈஸா நபியை அவர்கள் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை, அல்லாஹ் அவரைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்ற கருத்தைச் சொல்கின்றன. ஓதித் தந்த மௌலவி இதைச் சொல்லும்போது எங்களுக்குச் சின்ன வயசில் பெரிய நிம்மதியாக இருக்கும். நல்லவரை அல்லாஹ் கைவிடமாட்டான், எதிரியின் கையில் ஒப்படைக்கமாட்டான். எவ்வளவு அழகான நம்பிக்கை.

இதைத் தோழியிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவள் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “உங்கட கதையில அவரக் காப்பாத்தினான். எங்கட கதையில அவர் இறங்கி வந்திரிக்கலாம், வரல்ல. சனம் எல்லாம் கீழ நிண்டு இறங்கி வா, இறங்கி வா எண்டு பகிடி பண்ணிச்சு. வரல்ல. கடவுளே என்ன ஏன் விட்டாய் எண்டு அவரே அழுதார். எங்களுக்கு அதுதான் வேணும். சாகக் கிடக்கிற ஒருத்தன்ட பக்கத்தில போய், கடவுளுக்கும் இது தெரியும் எண்டு சொல்லலாம்.”

கத்தோலிக்கச் சிலுவையில் ஏன் ஆள் இருக்கிறார் என்ற எங்கள் சின்ன வயசுக் கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறோம். அவர் அங்கேயே இருக்கிறார். மெதடிஸ்தச் சிலுவை வெறுமையாக இருப்பது அவர் உயிர்த்தெழுந்துவிட்டார் என்பதற்காக. இரண்டும் ஒரே கதையின் வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும். அவர்களுடைய நம்பிக்கையில் இதற்கு மேலும் இருக்கிறது. எல்லாருடைய பாவத்தையும் அவர் சுமந்தார், அந்தச் சாவினால் மனிதனுக்கு மீட்பு வந்தது என்பதுதான் நடு. அந்த இடத்துக்கு நாங்கள் போக முடியாது. எங்கள் மார்க்கத்தில் ஒருவரின் பாரத்தை இன்னொருவர் சுமக்கமாட்டார். இந்த வித்தியாசம் சின்னது, எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லி நாங்கள் இதை முடிக்கமாட்டோம். அப்படிச் சொன்னால் அவளுக்கும் மரியாதை இல்லை, எங்களுக்கும் இல்லை.

ஆனால் ‘நல்லவரை அல்லாஹ் காப்பாற்றுவான்’ என்ற நம்பிக்கையோடு வளர்ந்த எங்களுக்கே பதில் தெரியாத இடங்கள் உண்டு. 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்ட் 12 ஏறாவூர். மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 15, வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய இயூஜின் ஹேபர்ட் அடிகளார் வழியில் காணாமற்போனார். அமெரிக்காவின் லூசியானாக்காரர், யேசு சபைக் குரு, புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். கூட வந்த தமிழ் இளைஞரும் இல்லை. இரண்டு பேரின் உடலும் கிடைக்கவில்லை. இரண்டு கிழமைக்குள் இந்தக் கரையில் நடந்தவை இவை. நாங்கள் பிறக்க முந்தி. பள்ளியில் சுஜூதில் கிடந்தவர்களைக் காப்பாற்ற யாரும் இறங்கி வரவில்லை. கர்பலாவில் ஹுசைன் நாயகத்துக்கும் யாரும் வரவில்லை. காப்பாற்றப்படாத நல்லவர்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள்.

காத்தான்குடியில் இறந்தவர்களை நாங்கள் ஷுஹதாக்கள் என்கிறோம். ஷஹீத் என்றால் சாட்சி. கிறிஸ்தவத் தமிழில் அதே சொல் இரத்தசாட்சி, மறைசாட்சி. கிரேக்கத்திலும் மூலச் சொல்லுக்குச் சாட்சி என்றுதான் அர்த்தம். இதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையில் கேட்டபோது எங்களுக்குக் கை குளிர்ந்தது. ஏனென்றால் 2019இல் அந்தச் சொல்லை எங்களிடம் இருந்து களவெடுத்தவர்களில் சிலர் காத்தான்குடியிலேயே வளர்ந்தவர்கள். தொழுகையில் சுடப்பட்டவர்களின் ஊரில் இருந்து, செபத்தில் இருந்தவர்களைக் கொல்லப் போனார்கள். கொல்லப் போனவன் தன்னை ஷஹீத் என்றான்.

அன்று சீயோன் தேவாலயத்தின் வாசலில் ரமேஷ் ராஜு என்று ஒருவர் நின்றார். முதுகில் பையோடு வந்தவனில் சந்தேகப்பட்டு உள்ளே விடாமல் மறித்தார். வெளியே வெடித்தது. அப்படியும் சுமார் முப்பது பேர் செத்தார்கள், அதில் பலர் பிள்ளைகள். உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயம். அவர் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஓடியிருக்கலாம், ஓடவில்லை. ‘இறங்கி வந்திரிக்கலாம், வரல்ல’ என்று தோழி சொன்னபோது எங்களுக்கு அவர்தான் ஞாபகம் வந்தார். ஒரே வாசலில் இரண்டு பேர் செத்தார்கள். அதில் சாட்சி யார் என்று சொல்ல எங்களுக்கு மௌலவியும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம்.

சிலுவைப் பாதையின் ஐந்தாவது இடத்தில் சீமோன் என்று ஒருவர் வருகிறார். சிரேன் ஊர்க்காரர், இப்போதைய லிபியாப் பக்கம். சீடரும் இல்லை, நண்பரும் இல்லை. வெளியில் இருந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தவர். சிலுவையைச் சுமக்க ஏலாமல் யேசு விழுந்தபோது படைவீரர்கள் இவரைப் பிடித்து, தூக்கு என்கிறார்கள். தூக்குகிறார். ஆறாவது இடத்தில் வெரோனிக்கா என்ற ஒரு பெண் கூட்டத்துக்குள் இருந்து வந்து, ஒரு துணியால் அவருடைய இரத்த முகத்தைத் துடைக்கிறாள். அவள் பைபிளில் இல்லை, மரபில் வருகிறவள் என்று தோழி சொன்னாள். “ஆனா எனக்கு அவளத்தான் விருப்பம். அவளால ஒண்டையும் நிப்பாட்ட ஏலா. துணிதான் இருந்திச்சு.”

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வேலியில் கட்டிய ஒரு சாண் துணி எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவள் அதை நினைத்துச் சொன்னாளா தெரியாது. கேட்கவில்லை.

பதினாலாவது இடம் அடக்கம். அரிமத்தியா ஊர் யோசேப்பு என்பவர் ஆளுநர் பிலாத்துவிடம் போய், உடலைத் தாருங்கள், நான் அடக்கம் செய்கிறேன் என்று கேட்கிறார். சிலுவையில் செத்தவனின் உடலைக் கேட்பது அந்த நாட்களில் சின்ன விசயம் இல்லை. நீயும் அவனுடைய ஆள்தானே என்று பிடிப்பார்கள். அவர் கேட்டு வாங்கி, புதுத் துணியில் சுற்றி, கல்லறையில் வைத்தார். 2020க்கு முந்தி இதைக் கேட்டிருந்தால் எங்களுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. ஒரு உடலை மண்ணில் வைக்க அரசாங்கத்திடம் கெஞ்சுவது என்றால் என்ன என்று இப்போது எங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் எங்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மம்மா, யார் எவர் என்று கேட்காமல், அவளுடைய முதுகைத் தடவிவிட்டுப் போனா.

பின்னேரம் சிலுவை முத்தி. சனம் வரிசையாகப் போய்ச் சிலுவையின் காலை முத்தமிட்டது. எங்களுக்கு அங்கே இடமில்லை என்று தெரியும், ஆனால் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. தோழியின் உம்மா (அவவை நாங்கள் அன்ரி என்போம்) வந்து, “நீங்க இஞ்சால கதிரையில இரிங்க புள்ளைகள். ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டாங்க” என்றா. இருந்தோம். அந்த வரிசையில் சேறு காயாத காலோடு வந்தவர்களும் இருந்தார்கள், கைப்பிள்ளைக்காரிகளும் இருந்தார்கள். ஆளைக் கொன்ற மரத்தை ஏன் முத்தமிடுகிறார்கள் என்ற கேள்வி எங்களுக்கு முழுசாகத் தீரவில்லை. இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் அந்த மரத்தைத் தூக்கி யாரையும் அடிக்காமல், அதன் காலடியில் குனிகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1626ஐ மறக்கவில்லை. அதோடு சேர்த்து இதையும் இனி வைத்துக்கொள்வோம்.

அன்றைக்கு வீட்டு முற்றத்தில்தான் அவள் கேட்டாள். நாலு வருசமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

“அந்த நேரம் ஏன் ஒரு கோலும் எடுக்கல்ல?”

கோபமாகக் கேட்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டு கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலமை அவளும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். பிறகு கிழமைக் கணக்கில் பூசை இல்லை. அவளுடைய தம்பி முதுகுப் பையோடு யாரைக் கண்டாலும் ஒளிந்தான். நாங்கள் எடுப்போம் எடுப்போம் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

“பயமா இருந்திச்சு” என்றோம். அது பாதிப் பதில். மீதியை இப்போது எழுதுகிறோம்.

நாங்கள் கோல் எடுக்காததற்குக் காரணம், எடுத்தால் மன்னிப்புக் கேட்க வேண்டி வருமோ என்ற பயம். நாங்கள் செய்யாததுக்கு நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்ற கோபமும் உள்ளே இருந்தது. அந்த நாட்களில் நாடு முழுக்க எங்களைப் பார்த்து அதைத்தான் கேட்டது. கடையில், பஸ்ஸில், செக் பொயின்ற்றில். நீயும் கேட்டுவிடுவாய் என்று நினைத்தோம். அதில் நாங்கள் ஒன்றைக் குழப்பிக்கொண்டோம். சீமோன் குற்றவாளி என்று சிலுவையைத் தூக்கவில்லை. அவர் யேசுவை அறைந்தவரும் இல்லை, யேசுவின் ஆளும் இல்லை. ஒருத்தர் பாரத்தோடு விழுந்து கிடந்தார், இவர் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். நீ எங்களிடம் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் வருவோமா என்று பார்த்தாய். நாங்கள் அதைத் தீர்ப்பு என்று நினைத்து ஒளித்தோம்.

எங்கள் மூதூர்க் கூட்டாளி ஒருத்தி இதை வாசித்துவிட்டு, “சீமோனையும் பிடிச்சு இழுத்துத்தானே தூக்க வெச்சாங்க, அவராப் போகல்லயே” என்றாள். உண்மை. எங்களுக்கும் அப்படித்தான். நாங்களாகப் போகவில்லை. நீ துணி கட்டிப் படம் அனுப்பித்தான் எங்களை இழுத்தாய்.

அன்று வெளிக்கிடும்போது மஃரிபுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கோயிலில் எல்லாருக்கும் கஞ்சி கொடுத்தார்கள். பெரிய வெள்ளிக் கஞ்சி, பச்சையரிசியும் தேங்காய்ப்பாலும் உப்பும். எங்களுக்கு நோன்பு என்று அன்ரிக்குத் தெரியும். மூடி போட்ட ஒரு கானில் ஊற்றி, பேப்பரில் சுற்றிக் கையில் தந்தா. “பாங்கு சொன்னாப் பிறகு குடிங்க. ஆறிப் போகும், பரவால்ல.”

தாம்போதியைத் தாண்டி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அன்று எங்களில் ஒருத்தியின் வீட்டில்தான் மூன்று பேரும் நோன்பு திறந்தோம். ஈச்சம்பழம், தண்ணி, பிறகு உம்மா காய்ச்சிய இறைச்சிக் கஞ்சி ஒரு கோப்பை, அன்ரி தந்த கஞ்சி ஒரு கோப்பை. இரண்டாவது கோப்பையில் ருசி குறைவு என்று தம்பி சொன்னான். மசாலா இல்லை என்று உம்மா சொன்னா. பிறகு கானைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வெறுங் கானக் குடுக்கப்படாது, நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் வெச்சி அனுப்புவம். நீங்களே கொண்டு போய்க் குடுங்க” என்றா.

கொண்டுபோய்க் கொடுத்தோம். அது முதல் ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறும் காலமை, பூசை முடிகிற நேரம் பார்த்து, நாங்கள் மூன்று பேரும் அவளுக்குக் கோல் எடுக்கிறோம். பெரிசாக ஒன்றும் கதைப்பதில்லை. “முடிஞ்சா?” என்று கேட்போம். “முடிஞ்சி, வீட்ட வந்திட்டன்” என்பாள்.